பள்ளத்துக் காட்டில் பெண் பார்த்தது

எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தால் அது அந்த வீட்டு விஷயமாக மட்டும் இருக்காது. பிள்ளையார்பாளையத்தில் சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டிய வீடுகள். மாப்பிள்ளை வீட்டார் வண்டியை விட்டு இறங்கும்போதே தெரு முழுக்கத் தறிச் சத்தம் அடங்கிவிடும். அவர்கள் காபி குடித்துவிட்டுப் போன பிறகு ஒவ்வொரு தறியாக மறுபடி ஆரம்பிக்கும்.

எனக்கு அப்போது முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டரில் பட்டுப்புடவைக்குக் கரை டிசைன் வரைவது என் வேலை. என்னைப் பார்க்க வந்தவர்களில் ஒருவர் பெண் உயரம் அதிகம் என்றார். அடுத்து வந்தவர் உயரம் போதாது என்றார். நடுவில் நான் வளரவும் இல்லை, குறையவும் இல்லை. கடைசியாக வந்த வீட்டார் பஜ்ஜியை மட்டும் புகழ்ந்துவிட்டுப் போனார்கள். அன்றைக்கு அம்மா தீர்மானமாகச் சொல்லிவிட்டாள், இனிமேல் இந்த வீட்டில் யாரையும் உட்காரவைத்துக் காட்டப்போவதில்லை என்று.

கோயிலில் பார்க்கலாம் என்றார் அப்பா. அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் ஊரில் எந்தக் கோயிலுக்குப் போனாலும் ஒரு சித்தியோ பெரியம்மாவோ பிரகாரம் சுற்றிக்கொண்டிருப்பாள். அப்போதுதான் மாமா, அம்மாவின் தம்பி, அந்த யோசனையைச் சொன்னார். அவர் அய்யம்பேட்டைப் பக்கம் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர்.

“பள்ளத்துப் பார்க்குல வெச்சிக்கலாம்க்கா. நம்ம ஆளுங்க ஒருத்தரும் அந்தாண்ட வரமாட்டாங்க.”

அய்யம்பேட்டையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால், ஏரி நிரம்பி வழிகிற கலங்கலிலிருந்து பாலாற்றுப் பக்கம் இறங்குகிற ஓர் ஓடை இருக்கிறது. மழைக்கு ஓடும், மற்ற நாளில் அங்கங்கே குட்டையாக நிற்கும். இரண்டு கரையிலும் கேட்பாரற்று வளர்ந்த காடு. சுற்றுவட்டாரத்தில் அதற்குப் பேர் பள்ளம். மாடு காணாமல் போனால் பள்ளத்தில் தேடுவார்கள். சீட்டாடுகிறவர்களைப் போலீஸ் துரத்தினால் பள்ளத்தில் இறங்குவார்கள். கொஞ்ச காலத்துக்கு முன் அரசாங்கம் அதற்கு வேலி போட்டு, நடைபாதை போட்டு, வாசலில் சிமென்டில் இரண்டு மான் நிறுத்தி, ‘ஓடைப் பள்ளத்தாக்கு வனப் பூங்கா’ என்று பெரிய பலகை மாட்டியது. எங்கள் பக்கமெல்லாம் தட்டையான பூமி. பள்ளத்தாக்கு என்று ஒன்று எங்களுக்கும் இருப்பது அந்தப் பலகையைப் படித்துத்தான் எல்லோருக்கும் தெரிந்தது.

தரகர் எல்லாவற்றையும் போனிலேயே முடிப்பவர். ஞாயிற்றுக்கிழமை காலை, நல்ல நேரத்தில், பள்ளத்துப் பூங்காவில், பாலத்துக்கிட்ட, என்று இரண்டு வீட்டுக்கும் சொல்லிவிட்டார். பையன் ஒரகடத்தில் கார் கம்பெனியில் இன்ஜினியர். தரகர் அனுப்பிய படத்தில் அவர் ஒரு காருக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். கார் தெளிவாக இருந்தது. எங்கள் பக்கத்திலிருந்து போன படமும் யோக்கியமில்லை. ஸ்டுடியோக்காரர் என் முகத்தை வெளுத்து, மூக்கைக் கூராக்கி, கண்ணைப் பெரிசாக்கி அனுப்பியிருந்தார். அந்தப் பெண்ணை எனக்கே யாரென்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மா, அப்பா, மாமா, நான் நாலு பேரும் மாமாவின் ஆட்டோவிலேயே போய் இறங்கினோம். எனக்கு அரக்கு நிறப் பட்டுப்புடவை, தலை நிறைய மல்லி. அம்மா கையில் அடுக்கு டிபன் கேரியர். வாசலில் காவலர் எங்களை நிறுத்தினார். காக்கிச் சட்டை, தொப்பி, கையில் ஒரு மூங்கில் கழி.

“கேரியர்ல இன்னா?”

“கேசரி, போண்டா,” என்றாள் அம்மா.

“உள்ள தின்ற பொருள் அலவ் கெடையாதும்மா. கொரங்கு வரும்.”

“நாங்க சாப்ட வரலப்பா. பொண்ணு பார்க்க வராங்க.”

“பொண்ணு பார்க்க கேசரி எதுக்கு?”

இப்படி ஒரு கேள்வியை அம்மாவின் வாழ்க்கையில் யாரும் கேட்டதில்லை. காவலர் கேரியரை வாங்கிக்கொண்டுபோய்ப் பக்கத்திலிருந்த ஓர் இரும்புக் கூண்டுக்குள் வைத்துப் பூட்டினார். அது குரங்கு பிடிப்பதற்காக வாங்கிய கூண்டாம். ஒரு குரங்கும் மாட்டாததால் சாமான் வைக்க உபயோகிக்கிறார்களாம். உள்ளே ஏற்கெனவே இன்னொரு டிபன் கேரியர் இருந்தது. கூண்டைச் சுற்றிக் குரங்குகள் வரிசையாக உட்கார்ந்து, மிருகக்காட்சி சாலைக்கு வந்த குடும்பம் மாதிரி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தன.

“பூவையும் எடுத்துடும்மா. கொரங்கு பூ தின்னும்.”

இதற்கு மட்டும் அம்மா இடம் கொடுக்கவில்லை. மூளித் தலையோடு பெண்ணைக் காட்ட முடியாது என்று நின்றுவிட்டாள். கடைசியில் முந்தானையால் தலையை மூடிக்கொண்டு போகலாம் என்று காவலர் இறங்கிவந்தார். ஆக, சேட்டு வீட்டு மருமகள் மாதிரி முக்காடு போட்டுக்கொண்டு நான் காட்டுக்குள் நுழைந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டமாக வருகிறவர்களோடு ஒரு காவலர் கூடவே போக வேண்டும் என்று விதி. எங்களுக்கு வாசலில் நிறுத்தியவரே வந்தார். வந்தவர் சும்மா வரவில்லை. ஒவ்வொரு மரத்தின் முன்னாலும் நின்று, அதில் அடித்திருந்த பலகையை உரக்கப் படித்தார். பலகைகள் எல்லாம் இடம் மாறி அடிக்கப்பட்டிருந்தன.

“இலுப்பை மரம். இதோட கொட்டையில எண்ணெய் எடுப்பாங்க.”

“வேப்ப மரம்ப்பா அது,” என்றார் அப்பா.

“போர்டுல இலுப்பைன்னு இருக்குது.”

“இலையப் பாரு. வேப்பங்கொட்ட கீழ கொட்டிக் கெடக்குது.”

காவலர் மரத்தைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். “சார், மரம் இன்னிக்கி இருக்கும், நாளைக்கிக் காத்துல வுழும். போர்டு கவுர்மெண்டு வெச்சது,” என்று சொல்லிவிட்டு அடுத்த மரத்துக்குப் போனார்.

பாதையின் இரண்டு பக்கமும் முள். அப்பா நாற்பது வருஷமாகப் பட்டு நெய்கிறவர். எனக்குப் பின்னால் குனிந்தபடியே வந்து, புடவை கொசுவம் எந்த முள்ளில் உரசுகிறது என்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். “இந்தாண்ட வா, இந்தாண்ட வா” என்று அவர் சொன்னதெல்லாம் புடவைக்குத்தான்.

கீழே ஓடை தெரிந்தது. தண்ணீர் கணுக்கால் அளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மேலே மரங்கள் கூடி நிழல் இருட்டாக இருந்தது. சிமென்டில் ஒரு சின்னப் பாலம். அதன் பக்கத்தில், வெட்டிப்போட்ட மரத்துண்டு போலச் செய்த சிமென்டு பெஞ்சில், ஒரு குடும்பம் நல்ல உடை உடுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அம்மா, அப்பா, நடுவில் வெள்ளைச் சட்டை போட்ட மகன். எங்களைப் பார்த்ததும் எழுந்தார்கள்.

மாமா முன்னால் போய்க் கும்பிட்டார். “நீங்கதானே?”

“நாங்கதான்,” என்றார் அந்தப் பையனின் அப்பா. “நீங்கதானே?”

“நாங்கதான்.”

அவ்வளவுதான் விசாரணை. அதற்குமேல் கேட்க யாருக்கும் எதுவும் தோன்றவில்லை.

நான் முக்காட்டை எடுத்துவிட்டு விழுந்து கும்பிட்டேன். பையனின் அம்மா என் முகத்தை நிமிர்த்திப் பார்த்தார்.

“லட்சணமா இருக்குது. ஆனா போட்டோல வேற மாதிரி இருந்துச்சு.”

“ஸ்டுடியோல கொஞ்சம் மாத்திட்டாங்க,” என்றாள் அம்மா.

“அதனால இன்னா? எங்க பையனையும்தான் மாத்தி எடுத்துட்டாங்க.” கொஞ்ச நேரம் கழித்து, “ஸ்கூலு வீட்டுலேர்ந்து எவ்ளோ தூரம்மா?” என்று என்னைக் கேட்டார்.

எந்த ஸ்கூல் என்று கேட்க நான் வாயைத் திறந்தேன். அம்மா என் இடுப்பில் கிள்ளினாள். தரகர் என்னை டீச்சர் என்று சொல்லிவைத்திருக்கிறார் என்று அவள் அந்த நொடியில் முடிவுகட்டிவிட்டாள். தரகர் ஒரு பொய் சொல்லியிருந்தால் அதைக் காப்பாற்றுவது பெண்ணைப் பெற்றவள் கடமை.

“பக்கம்தான். நடந்தே போயிட்டு வந்துடுவா,” என்றாள் அம்மா.

மாமா தன் பங்குக்குப் பையனின் அப்பாவிடம் கேட்டார். “கம்பெனி பஸ்ஸு வூட்டாண்டயே வருதுங்களா?”

அவர் மாமாவின் வாயசைவையே பார்த்தார். பிறகு, “வரும், வரும்,” என்றார்.

“கார் கூட கம்மி வெலைக்குத் தருவாங்களாமே?”

“தருவாங்க, தருவாங்க.”

மாமா என்னைத் திரும்பிப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்.

பையன் எழுந்து, பொண்ணுகிட்ட தனியாகக் கொஞ்சம் பேசலாமா என்று கேட்டார். பெரியவர்கள் சரி என்றார்கள். காவலர் சரி என்று சொல்லவில்லை. கழியால் ஒரு பலகையைக் காட்டினார். ‘காதல் ஜோடிகளுக்கு அனுமதி இல்லை.’

“இவங்க காதலர் இல்லப்பா,” என்றார் மாமா.

“அப்ப புருஷன் பொஞ்சாதியா?”

“அதுவும் இல்ல. இனிமேதான்.”

“ரெண்டும் இல்லாத ரெண்டு பேரு காட்டுக்குள்ள தனியா போறது அதவிடத் தப்பாச்சே சார்.”

கடைசியில் ஓர் ஏற்பாடு ஆயிற்று. நாங்கள் இரண்டு பேரும் முன்னால் நடக்கலாம். இரண்டு குடும்பமும் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் பின்னால் வர வேண்டும். அப்படித்தான் கிளம்பினோம். முன்னால் நானும் அவரும். பின்னால் இரண்டு அம்மாக்கள், இரண்டு அப்பாக்கள், மாமா. எல்லோருக்கும் கடைசியில் கழியைத் தட்டிக்கொண்டு காவலர். யாராவது பார்த்திருந்தால் உற்சவமூர்த்தியைக் காட்டுக்குக் கொண்டுபோகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

கொஞ்ச தூரம் நடந்தோம். பிறகு அவர் மெதுவாகக் கேட்டார்.

“எந்த கிளாஸுக்கு எடுக்கறீங்க?”

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. “டீச்சர்னு யாரோ தப்பா சொல்லிட்டாங்க. நான் புடவைக்கு டிசைன் போடறேன். கம்ப்யூட்டர்ல.”

அவர் நின்றுவிட்டார். கோபப்படப்போகிறார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார். “பரவால்ல. தரகர்னா அப்படித்தான் சொல்வாங்க.”

“நீங்க கார் கம்பெனில எந்த டிபார்ட்மெண்ட்?”

“காரா? டூவீலரே இப்பதான் வாங்கினேன். நான் பல்லு கட்றவன்ங்க.”

“இன்னாது?”

“பல்லு செட்டு. வயசானவங்க மாட்டிக்கிறாங்கல்ல, அது. டாக்டருங்க அளவெடுத்து அனுப்புவாங்க, நான் லேப்ல செய்வேன்.”

கார் கம்பெனி இன்ஜினியர் என்றவர் பொய்ப்பல் செய்கிறவராக மாறியதில் எனக்கு ஆச்சரியம் எதுவும் வரவில்லை. தரகர்கள் அதைவிடத் தூரத்துக்கெல்லாம் போவார்கள். எனக்குப் பட்டதெல்லாம், இவர் கேட்டவுடனே உண்மையைச் சொல்லிவிட்டார் என்பதுதான். அவருக்கும் என்னைப் பற்றி அப்படியே தோன்றியிருக்கிறது. ஒரு பொய்யை எடுத்துவிட்டால் அதற்கடுத்ததை வைத்திருப்பதில் அர்த்தமில்லை. ஜாதகத்தில் என் வயதைக் குறைத்துப் போட்டிருக்கிறார்கள் என்று சொன்னேன். அவர் தனக்கு ஒருமுறை நிச்சயமாகி நின்றுபோனதைச் சொன்னார். சமையலில் எனக்கு ரசம் மட்டும் வராது என்றேன். அவர் தூக்கத்தில் பேசுவாராம். நான் யாருக்கும் தெரியாமல் பச்சரிசி தின்பேன் என்பதை அதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. அவரிடம் சொன்னேன்.

“எனக்கு ஆளுங்க மூஞ்சி ஞாபகம் இருக்காது,” என்றார் அவர். “பல்லப் பார்த்தாதான் யாருன்னு தெரியும். கல்யாண வூட்ல யாராவது வாய மூடிக்கினு வந்து விசாரிச்சா மாட்டிக்குவேன்.”

“உங்கப்பா கம்பெனி பஸ் வரும்னு சொன்னாரே?”

“அவருக்குக் காது சரியா கேக்காதுங்க. எது கேட்டாலும் ரெண்டு தரம் ஆமாம்பாரு. அத யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு எங்கம்மா சத்தியம் வாங்கியிருக்காங்க.”

நான் சிரித்துவிட்டேன். பெண் பார்க்க வந்தவரிடம் பேசி நான் சிரித்தது அதுதான் முதல் தடவை. பின்னாலிருந்து அவருடைய அம்மா குரல் கொடுத்தார். “கொஞ்சம் சத்தமா பேசுங்கப்பா. ஒண்ணும் கேக்கல.”

பாதை வளைந்து ஒரு தொங்கு பாலத்தில் கொண்டுபோய் விட்டது. அந்தப் பூங்காவில் இரண்டு பாலம் இருக்கிறது என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. இரும்புக் கம்பியில் பலகை கோத்து, ஓடைக்கு மேலே ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஏறக் கூடாது என்று எழுதியிருந்தது. எதிர்க்கரையில் எங்களைப் போலவே இன்னோர் ஊர்வலம் வந்துகொண்டிருந்தது. முன்னால் கத்திரிப்பூ நிறப் பட்டுப்புடவையில் முக்காடு போட்ட ஒரு பெண், ஒரு பையன். பின்னால் பெரியவர்கள். கடைசியில் கழியோடு இன்னொரு காவலர்.

பள்ளத்துக்குள் அதுவரை யாருடைய போனுக்கும் சிக்னல் கிடையாது. பாலத்தின் முகப்புக்கு வந்ததும் இந்தக் கரையில் இருந்த போன்களெல்லாம் வரிசையாகச் சத்தம் போட்டன. அந்தக் கரையில் ஏற்கெனவே ஒருவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். மாமாவுக்கு வந்தது தரகரின் அழைப்பு. காற்றில் கேட்கவில்லை என்று மாமா ஸ்பீக்கரைப் போட்டார்.

“எங்கப்பா இருக்கற? பையன் வூட்ல இப்பதான் லைன்ல வந்தாங்க. பொண்ணப் புடிச்சிருக்குதாம். டீச்சர் வேலைய வுடக்கூடாதுன்றாங்க. உங்கக்கா பொண்ணு எப்பப்பா டீச்சர் ஆச்சு?”

மாமா போனைப் பார்த்தார். வெள்ளைச் சட்டைக்காரரைப் பார்த்தார். எதிர்க்கரையில் போனைக் கையில் வைத்திருந்த பெரியவரைப் பார்த்தார். அந்தப் பெரியவரும் மாமாவைப் பார்த்தார்.

அந்தத் தரகர் தன் அலைச்சலை மிச்சப்படுத்த, ஒரே நாளில், ஒரே நேரத்தில், ஒரே பூங்காவில், இரண்டு வீட்டுப் பெண் பார்த்தலை ஏற்பாடு செய்துவிட்டு, தான் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். ஒரு ஜோடிக் குடும்பத்துக்குச் சிமென்டுப் பாலம், இன்னொரு ஜோடிக்குத் தொங்கு பாலம் என்று அவர் மனதில் கணக்கு இருந்திருக்கிறது. ஆனால் எல்லோரிடமும் அவர் சொன்னது “பாலத்துக்கிட்ட” என்பதுதான்.

அம்மா மெல்லத் திரும்பி, அதுவரை சம்பந்தி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த அந்த அம்மாளிடம் கேட்டாள். “அப்ப நீங்க யாரு?”

“நாங்க நாங்கதான்,” என்றார் அவர். “நீங்க யாரு?”

அவருடைய கணவர், “ஆமாம், ஆமாம்,” என்றார்.

யாரைத் திட்டுவது என்று தெரியாமல் எல்லோரும் தரகரைத் திட்டினார்கள். அதற்குள் சிக்னல் போய்விட்டது. நல்ல நேரம் முடிவதற்குள் அவரவர் ஆளை அவரவர் பார்த்துவிடலாம் என்று மாமா முடிவு சொன்னார். நாங்கள் எதிர்க்கரைக்குப் போவது, டீச்சர் வீட்டார் இந்தக் கரைக்கு வருவது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஏறிவிட்டார்கள். காவலர்கள் இருவரும் ஐந்து பேர், ஐந்து பேர் என்று இரண்டு முனையிலிருந்தும் கத்தினார்கள். பாலம் ஆடிய ஆட்டத்தில் அப்பா ஒரு கையால் கம்பியையும் மறு கையால் என் முந்தானையையும் பிடித்துக்கொண்டார்.

நடுப்பாலத்தில் நானும் அந்த டீச்சரும் எதிரெதிரே மாட்டிக்கொண்டோம். ஒருவரை ஒருவர் பிடித்துக்கொள்ளாமல் நகர முடியாது. என் கையைப் பிடித்துக்கொண்டு அவள் காதுக்குள் கேட்டாள்.

“நீங்கதான் என் ஆளுகிட்ட பேசினதா? எப்படி இருக்காரு?”

“நல்லா பேசறாரு. நான் பச்சரிசி தின்றத வரைக்கும் சொல்லிட்டேன். எங்க ஆளு எப்படி?”

“தப்பா ஒண்ணும் இல்ல. இன்டர்வியூக்குப் போன மாதிரி இருந்துச்சு. பாஸ் பண்ணிட்டேன்னு நெனைக்கிறேன்.” பிறகு என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். “உங்களுக்குப் புடிச்சிருந்தா என் ஆள நீங்களே வெச்சிக்கோங்க. எனக்குக் கல்யாணமே வேணாம்னுதான் இருக்கேன். எங்கம்மா கேக்க மாட்டேங்கறாங்க.”

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கச் சிரிக்கப் பாலம் இன்னும் ஆடியது. பின்னாலிருந்த அவளுடைய அம்மா, “பயத்துல பொண்ணுங்க அழுவுது, யாராச்சும் புடிங்கப்பா!” என்று கூவினார்.

எதிர்க்கரையில் இன்ஜினியர் வீட்டார் காத்திருந்தார்கள். நான் மறுபடி முக்காட்டை எடுத்தேன், மறுபடி விழுந்து கும்பிட்டேன். மறுபடி காவலரோடு ஊர்வலம். இன்ஜினியரைப் பற்றித் தரகர் சொன்னதெல்லாம் எழுத்துக்கு எழுத்து உண்மை. அவர் கார் கம்பெனியில்தான் இருந்தார். கம்பெனி பஸ் வீட்டு வாசலுக்கே வந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லாத மனிதர். கொஞ்சம் நடந்ததும் கேட்டார்.

“அஞ்சு வருஷம் கழிச்சி உங்கள எங்க பார்க்கறீங்க?”

“தெரியலங்க. இந்தப் பள்ளத்துல பார்ப்பேன்னு இன்னிக்கிக் காலையில கூட நெனைக்கல.”

அவர் சிரிக்கவில்லை. நல்ல பதில் என்பது போலத் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். எனக்கு ரசம் வராது என்றேன். “கத்துக்கலாம்,” என்றார். வயது விஷயத்தைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பச்சரிசியைச் சொல்லவே இல்லை. ஓடைக்கு அந்தப் பக்கம், மரங்களுக்கு நடுவில், டீச்சர் விரலை ஆட்டி எதையோ விளக்கிக்கொண்டிருந்தாள். வெள்ளைச் சட்டைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு, வகுப்பில் எழுந்து நிற்கிற மாதிரி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு வந்ததில் ஒரு வேரில் தடுக்கிவிட்டது. காவலர் ஓடிவந்து வேரைக் காட்டி, “ஆலமரம்,” என்றார். அது புளியமரம்.

வெளியே வரும்போது எல்லோருக்கும் நல்ல பசி. கூண்டைத் திறந்து இரண்டு கேரியரையும் கொடுத்தார்கள். இரண்டு பெண் வீட்டிலும் கேசரிதான் செய்திருந்தார்கள். நாலு குடும்பமும் சிமென்டு மானின் பீடத்தைச் சுற்றி உட்கார்ந்து, நாலு வீட்டு அம்மாக்களும் முந்தானையை வீசிக் குரங்கை விரட்டிக்கொண்டே பரிமாறினார்கள். யார் யாருக்குச் சம்பந்தி என்பதை அந்த நேரத்தில் ஒருவரும் பேசவில்லை. டீச்சரின் அம்மா எங்கள் கேசரியில் முந்திரி குறைச்சல் என்றார். இரண்டு காவலர்களும் ஆளுக்கு இரண்டு போண்டா சாப்பிட்டார்கள். வாசலுக்கு வெளியே விதி இல்லையாம்.

ஆட்டோவில் திரும்பினோம். அய்யம்பேட்டை தாண்டியதும் அப்பா, காலையெல்லாம் புடவையையே பார்த்துக்கொண்டிருந்தவர், மாமாவின் முதுகைத் தட்டினார்.

“அந்த மொதல் பையனையே கேளு.”

“அது நமக்கு வந்த எடம் இல்லங்க. தப்பா பார்த்துட்டோம்.”

“தப்பா பார்த்தப்பதான் இவ சிரிச்சா.”

அம்மா வீடு வரைக்கும் என்னை முறைத்துக்கொண்டே வந்தாள். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

தரகரிடமிருந்து பதில்கள் வர ஒரு வாரம் ஆயிற்று. டீச்சர் இரண்டு பேரையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். இன்ஜினியர் வீட்டில் இரண்டு பெண்ணையுமே பிடித்திருக்கிறது, எந்த ஜாதகம் பொருந்துகிறதோ அதைப் பண்ணிக்கொள்கிறோம் என்றார்களாம். நான் வேண்டாம் என்றேன். பல் கட்டுகிறவர் வீட்டிலிருந்துதான் சிக்கலான பதில் வந்தது. என்னைப் பிடித்திருக்கிறது. ஆனால் முறைப்படி பெண் பார்க்காமல் சம்மதம் சொல்ல முடியாது. அன்றைக்குப் பார்த்தது கணக்கில் வராது, அது வேறு பெண்ணைப் பார்க்க வந்தபோது பார்த்தது.

“பார்த்த பொண்ண எப்படிப்பா பார்க்காத மாதிரி பார்ப்பாங்க?” என்று அம்மா கேட்டாள். தரகர், அதெல்லாம் பார்ப்பார்கள் என்றார்.

அப்படியே பார்க்கவும் செய்தார்கள். அம்மா தன் தீர்மானத்தை ஒதுக்கிவைக்க, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பழம், பூவோடு வீட்டுக்கு வந்து, கூடத்தில் பாயில் உட்கார்ந்து, “பொண்ணக் கூட்டிக்கினு வாங்க,” என்றார் பையனின் அம்மா. நான் காபித் தட்டோடு வந்தேன். பல் கட்டுகிறவர் என்னை முதன்முதலாகப் பார்ப்பது போலப் பார்த்தார். உண்மையிலேயே அடையாளம் தெரியவில்லையோ என்று எனக்குச் சந்தேகம் வந்து பல் தெரியச் சிரித்தேன். அதற்குப் பிறகுதான் அவர் முகம் தெளிந்தது.

வழக்கப்படி எங்களைப் பேசச்சொல்லி என் அறைக்கு அனுப்பினார்கள். கதவைத் திறந்துதான் வைத்திருந்தார்கள். கூடத்தில் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது எங்களுக்குத் தெரியும். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன். சொல்ல வேண்டிய எல்லாவற்றையும் பள்ளத்திலேயே சொல்லித் தீர்த்துவிட்டோம். இரண்டு பேருக்கும் பேச ஒன்றுமே மிச்சமில்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கூடத்தில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள்.

அவர் பார்வை என் கம்ப்யூட்டர் பக்கம் போயிற்று. திரையில் பாதி வரைந்த கரை ஒன்று இருந்தது. வரிசையாக யாளிகள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் குனிந்தார்.

“இது இன்னா மிருகம்?”

“யாளி.”

“இதுக்குக் கடவாப்பல்லு இல்லியே. எப்படிச் சாப்பிடும்?”

“யாளி சாப்பிடாதுங்க. கரையில நிக்கும், அவ்ளோதான்.”

“அப்ப கோரப்பல்லு எதுக்கு? மேல் வரிசையும் கீழ் வரிசையும் ஒக்காரவே இல்ல பாருங்க. வாய மூடினா இடிக்கும்.”

பெரிதாக்கிக் காட்டினேன். அவர் சொன்னது சரிதான். பல வருஷமாக நான் வரைந்த யாளிகளில் ஒன்றாலும் வாயை மூட முடியாது. அவர் விரலால் திரையில் காட்டக் காட்ட, நான் ஒவ்வொரு புள்ளியாக நகர்த்தினேன். ஒரு பல்லைக் கொஞ்சம் உள்ளே தள்ளினோம். தாடையைக் கொஞ்சம் இறக்கினோம். எங்கள் கல்யாணம் அடுத்த ஆவணியில் நடந்தது. அதற்கு அவரும் நானும் சரி என்று வாயால் சொன்னதாக எனக்கு ஞாபகமே இல்லை.

அன்றைக்கு அறையில் பேச்சு நின்றுபோனதைப் பார்த்துக் கூடத்தில் பெரியவர்களுக்குப் பயம் வந்துவிட்டது. சண்டையோ, பிடிக்கவில்லையோ என்று குசுகுசுவென்று பேசினார்கள். கடைசியில் அம்மா எழுந்து வந்து கதவோரம் நின்று எட்டிப் பார்த்தாள். நாங்கள் இரண்டு பேரும் மூக்கு இடிக்கிற தூரத்தில் திரையைப் பார்த்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், யாளியின் வாய்க்குள் பல் எண்ணிக்கொண்டிருந்தோம். அம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு சத்தம் செய்யாமல் கூடத்துக்குத் திரும்பிப்போனாள். அவள் சொன்னது எனக்குக் கேட்டது.

“நல்லாதான் பேசிக்கினு இருக்காங்க. இன்னொரு காபி குடிக்கறீங்களா?”